ஆறாம் பிரிவுக்குள் ஒரு ஷெட்

கும்மிடிப்பூண்டி
10-06-2024

அன்புள்ள அருணாவுக்கு,

பதிவுத் தபால் என்றதும் பயந்துபோயிருப்பாய். வக்கீல் நோட்டீஸ் இல்லை, நான்தான். போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போய்விட்டேன். அப்புறம்தான் நம் சமரச ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் போனில் பேசக் கூடாது, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக் கூடாது, எதுவானாலும் பதிவுத் தபால் மட்டும்தான். அந்தப் பிரிவைப் போட்டே ஆக வேண்டும் என்று திருவள்ளூர் கோர்ட் சமரச மையத்தில் மேஜையைத் தட்டியது நான்தான், மறக்கவில்லை. அன்றைக்கு இருந்த கோபத்தில் புறா காலில் கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று எழுதியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

விஷயம் இதுதான். ஷெட் கிடைத்துவிட்டது, அருணா!

2019ல் நாம் இரண்டு பேரும் சேர்ந்து பெண்கள் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் கேட்டு மனு கொடுத்தோமே, அதுதான். உன் போட்டோவில் எண்ணெய் வழிகிறது, என் போட்டோவில் நான் தூங்குகிறேன் என்று சிரித்துக்கொண்டே ஒட்டினோமே. சுத்தமாக மறந்துபோயிருந்தேன். முந்தாநாள் ஒதுக்கீட்டு உத்தரவு வந்திருக்கிறது. உனக்கும் வந்திருக்கும். இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. வருகிற ஜனவரி 20க்குள் இரண்டு பேரும் போய்க் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடுமாம்.

நாம் பிரிந்தபோது மெஷின்கள் எனக்கு, கம்பெனி ஆர்டர்களும் தொழிலின் பெயரும் உனக்கு என்று ஆயிற்று. மெஷின்களை ஒரு வாடகை இடத்தில் போட்டுத்தான் வெல்டர்கள் போடும் தோல் கிளவுஸ் தைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தை விற்றுவிட்டார்கள். ஜனவரி மாதத்தோடு காலி செய்ய வேண்டும். சிப்காட் பக்கம் ஏறி இறங்காத இடம் இல்லை. என்னிடம் பதினோரு பெண்கள் வேலை செய்கிறார்கள். கெங்கம்மாள் தினமும் சாயங்காலம் கையைக் கழுவிக்கொண்டே, "இன்னாக்கா, எடம் கெட்ச்சுதா?" என்று கேட்கிறாள். இந்த ஷெட் இல்லையென்றால் ஜனவரியோடு கடை கட்ட வேண்டியதுதான்.

இடம் பெரிசு. உனக்குப் பாதி, எனக்குப் பாதி. நடுவில் வேண்டுமானால் சுவர் எழுப்பிக்கொள். கையெழுத்துக்கு என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

ஹெலன்


பெரியபாளையம்
22-06-2024

திருமதி ஹெலன் அவர்களுக்கு,

தங்கள் 10-06-2024 தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

14-03-2023 அன்று நாம் இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவைத் தாங்கள் மறந்துவிட்டதாகத் தெரிகிறது. கீழே அப்படியே எழுதுகிறேன். "முதல் தரப்பினர், மேற்படி இயந்திரங்கள் நீங்கலாக, கூட்டுத் தொழில் தொடர்பாகத் தமக்கு இன்று வரை உள்ள, தெரிந்த மற்றும் தெரியாத, அனைத்து உரிமைகளையும் கோரிக்கைகளையும் இரண்டாம் தரப்பினருக்கு முழுமையாக விட்டுக்கொடுக்கிறார்." முதல் தரப்பு தாங்கள். இரண்டாம் தரப்பு நான். அந்த மனு கூட்டுத் தொழிலின் பெயரில் கொடுக்கப்பட்டது. ஆகவே ஷெட் எனக்கு மட்டுமே உரியது. தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும், நான் மட்டும் போய்ச் சாவி வாங்கிக்கொள்வேன்.

எனக்கும் இடம் இல்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் நெல் மூட்டை அடுக்கும் கொட்டகையில்தான் ஆறு பெண்களை வைத்துத் தைக்கிறேன். அறுப்பு முடிந்து நெல் வந்தால் என் வாடகை மெஷின்கள் வாசலுக்கு வந்துவிடும். எலி தோலைக் கடிக்கிறது. இப்படி ஒரு இடத்தைக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தால் ஆர்டர் எப்படிக் கொடுப்பார்கள்?

இப்படிக்கு,
அருணா சந்திரமோகன்

பி.கு. போட்டோவில் எண்ணெய் வழியவில்லை. அது வெயில்.


கும்மிடிப்பூண்டி
01-07-2024

மகாகனம் பொருந்திய திருமதி அருணா சந்திரமோகன் அவர்களின் திருச்சமூகத்துக்கு,

"தாங்கள்" என்று எழுதிவிட்டாயே, நன்றாக இருக்கிறது! ஏழு வருஷம் ஒரே டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவள் நீ. என் ஊறுகாயைத் திருடும்போது "தாங்கள்" எங்கே போயிருந்தது?

கோபம் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. அப்புறம் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷைனியிடம் போனேன். எங்கள் தெருப் பெண், பொன்னேரியிலும் திருவள்ளூரிலும் வக்கீல் தொழில் செய்கிறாள். ஆறாம் பிரிவைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆன்ட்டி, அனைத்தும்னு எழுதிட்டா ஒலகமே அதுக்குள்ள வந்துடாது. காயலாங்கடைக்காரன கூப்ட்டு, ஊட்ல இருக்கிற பழசெல்லாம் எடுத்துக்கோன்னு சொல்றீங்க. கட்டில்ல படுத்துனுகிற தாத்தாவையுமா தூக்கினு போவான்?"

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் எழுதுகிறேன். இப்படி ஒரு ஒப்பந்தம் கோர்ட்டுக்கு வந்தால், ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி எடுத்து அர்த்தம் பார்க்க மாட்டார்களாம். என்ன சண்டையைத் தீர்க்க இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், கையெழுத்துப் போடும்போது இரண்டு பேர் கண் முன்னாலும் என்ன இருந்தது என்று பார்ப்பார்களாம். நம் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் எதற்குச் சண்டை என்று எழுதியிருக்கிறதே, எடுத்துப் பார். தையல் மெஷின்கள், கட்டிங் பிரஸ், கம்பெனி ஆர்டர்கள், தொழிலின் பெயர், திரும்பி வந்த கிளவுஸ். ஷெட் எங்கே? பூதக்கண்ணாடி வைத்துத் தேடு.

திரும்பி வந்த கிளவுஸ் என்று எழுதும்போதே வயிறு எரிகிறது. அறுநூறு ஜோடி ஆர்டருக்கு ஆயிரத்து இருநூறு கிளவுஸ், ஒன்று விடாமல் இடது கை! இரண்டும் இடது கையாக உள்ள வெல்டர் எந்த ஊரில் இருக்கிறான்? ஒரே அச்சில் பாதி வெட்டியதும் மீதித் தோல் அடுக்கைக் குப்புறத் திருப்பிப் போட்டால்தான் வலது கை வரும் என்பது உனக்குத் தெரியாதா? நான் ஒரு மணி நேரம் ஞானஸ்நான விருந்துக்குப் போனதற்கு இந்தத் தண்டனை.

கேஸ் போடப் போகிறேன். சமரசம் பதிவான அதே கோர்ட்டில். உத்தரவில் கடைசித் தேதி இருப்பதால் சீக்கிரம் விசாரிக்கக் கேட்கலாம் என்கிறாள் ஷைனி.

தங்கள் ஊறுகாய்ப் பங்காளி,
ஹெலன்


பெரியபாளையம்
16-07-2024

திருமதி ஹெலன் அவர்களுக்கு,

கோர்ட் சம்மன் வந்தது. நான் பார்த்திபன் வக்கீலை வைத்திருக்கிறேன். உங்கள் தாத்தா கதையை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"கையெழுத்து போட்டுட்டு, நான் அத நெனைக்கலன்னு ஒவ்வொருத்தரா வந்துகினே இருந்தா, சமரசம் பண்ணி இன்னா யூஸும்மா? தெரியாததுன்னு ஒரு வார்த்தைய எதுக்கு போட்றோம்? பின்னாடி கெளம்பி வர்றதுக்கும் சேர்த்து ஒரேயடியா பூட்டு போடத்தான்" என்றார். பெரியவர்கள் இரண்டு பேர், வக்கீல் பக்கத்தில் இருக்க, படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து. அதன்படி நடக்கத்தான் கோர்ட் சொல்லும் என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

கிளவுஸ் பற்றி நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. அந்தச் சண்டை ஆறாம் பிரிவில் முடிந்துபோனது. அதில் சந்தேகமே கிடையாது. இருந்தாலும் நீங்கள் ஆரம்பித்ததால் சொல்கிறேன். நான் தோலைத் திருப்பினேன். சாப்பாட்டுக்கு முன்னால், என் இரண்டு கையாலும், கெங்கம்மாள் ஒரு பக்கம் பிடிக்க, அடுக்கை முழுசாகத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். ஆயிரம் தடவை சொன்னேன், நீங்கள் காதில் வாங்கவில்லை. பதினேழு பெண்கள் நிற்க, "கண்ணு தெர்லன்னா ஊட்ல ஒக்காருடி" என்றீர்கள். நான் கோர்ட்டுக்குப் போனது கிளவுஸுக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். அதற்கு எந்தப் பிரிவிலும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அருணா

பி.கு. ஊறுகாய் நான் திருடவில்லை. எடுத்துக்கொள் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.


கும்மிடிப்பூண்டி
21-09-2024

அருணா,

வியாழக்கிழமை கோர்ட்டில் உன்னைப் பார்த்ததிலிருந்து எழுத வேண்டும் என்று இருந்தேன். இளைத்துவிட்டாய். எதிர்த்தரப்பு இளைத்தால் சந்தோஷப்பட வேண்டும், எனக்கு அது வரவில்லை.

அதைவிடப் பெரிய பேஜாரு அந்தப் பஸ். திருவள்ளூரில் ஏறினால் ஒரே ஒரு சீட்தான் காலி, அதுவும் உன் பக்கத்தில். பெரியபாளையம் வரைக்கும் வாயில் பூட்டோடு வந்தோமே. கண்டக்டர், "இன்னா, அக்கா தங்கச்சி சண்டையா?" என்று கேட்டபோது நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். வேர்க்கடலைப் பொட்டலத்தை நடுவில் வைத்தது நான்தான். பேசக் கூடாது என்றுதான் பிரிவு இருக்கிறது, கொறிக்கக் கூடாது என்று இல்லை. பாதிக்கு மேல் நீதான் தின்றாய்.

இனி எழுதுவது எனக்குக் கஷ்டம். ஆறாம் பிரிவு இருக்கும் தைரியத்தில் எழுதுகிறேன். கிளவுஸ் சண்டை அதற்குள் முடிந்துவிட்டது என்று நீயே எழுதிவிட்டாய், ஆகவே இதை வைத்து என்மேல் கேஸ் போட முடியாது.

அன்றைக்கு விருந்து முடிந்து வந்தேன். நீங்கள் எல்லோரும் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். தோல் அடுக்கைப் பார்த்தேன். நீ திருப்பியிருக்க மாட்டாய் என்று நினைத்து, நானே ஒரு தடவை திருப்பிப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பெரிய உதவி செய்துவிட்ட நினைப்பில் கை கழுவப் போனேன். நீ சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் இடது கையாகவே வெட்டினாய். மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. உன் போன கடிதத்தைப் படித்தபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. நீயும் திருப்பினாய், நானும் திருப்பினேன்.

அத்தனை பேர் முன்னால் உன்னைத் திட்டியதற்கு மன்னித்துக்கொள். நேற்று பதினோரு பெண்களையும் நிற்க வைத்து, கண் தெரியாதவள் நான்தான் என்று சொல்லிவிட்டேன். கெங்கம்மாள், "எனக்கு அப்பவே டவுட்டுதான்க்கா, யார் உங்க கிட்ட வாய குட்கறது?" என்கிறாள். பார்த்தாயா அவளை!

ஷெட் விஷயத்தில் நான் இறங்கி வரவில்லை. அது வேறு. கேஸ் கேஸாகவே இருக்கட்டும்.

ஹெலன்


பெரியபாளையம்
14-11-2024

ஹெலன் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து தடவை பதில் எழுதிக் கிழித்தேன். ஒப்புதல் அட்டையில் கையெழுத்து வாங்கிய தபால்காரர், இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் பதில் போடலையா என்று கேட்கிறார்.

கிளவுஸ் பற்றி நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அழுதேன். கொட்டகையில் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு வந்து நானும் சிரித்தேன். நீங்கள் அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

டிசம்பர் 11ஆம் தேதி நம் இரண்டு பேரையும் கூண்டில் ஏற்றி விசாரிக்கப் போகிறார்கள். ஒப்பந்தம் எழுதும்போது ஷெட் நம் மனசில் இருந்ததா என்று கேட்பார்கள் என்று பார்த்திபன் சொல்கிறார். எல்லாத்தையும் சேர்த்துத்தான் முடித்துக்கொண்டோம் என்று மட்டும் சொன்னால் போதுமாம், அது பொய்யும் ஆகாதாம்.

ஒன்று கேட்கிறேன் அக்கா. அன்றைக்குச் சமரச மையத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்த மனு உங்களுக்கு ஒரு நொடியாவது ஞாபகம் வந்ததா? மறைக்காமல் எழுதுங்கள். இல்லை, எழுத வேண்டாம். உங்கள் வக்கீல் திட்டுவார்.

அருணா


கும்மிடிப்பூண்டி
20-11-2024

அருணா,

எதிர்த்தரப்புக்கு இனி ஒரு வரி எழுதினாலும் என் கேஸைத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று ஷைனி சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

சத்தியமாக ஞாபகம் வரவில்லை. வந்திருந்தால் அன்றைக்கே அதற்கும் சேர்த்து மேஜையைத் தட்டியிருக்க மாட்டேனா?

ஏன் கேட்கிறாய்?

ஹெலன்


பெரியபாளையம்
12-12-2024

அக்கா,

நேற்று கோர்ட்டில் நான் கூண்டிலிருந்து இறங்கியதும் நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டீர்கள். பஸ் ஸ்டாண்டிலும் தேடினேன். இரண்டு பஸ் விட்டுவிட்டு நின்றேன். நீங்கள் வரவில்லை. கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வேண்டியதில் பாதிதான் கூண்டில் சொல்ல முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

பார்த்திபன் சொல்லிக்கொடுத்தபடிதான் ஆரம்பித்தேன். எல்லாத்தையும் சேர்த்து முடித்துக்கொண்டோம் என்றேன். அப்போதுதான் ஜட்ஜ் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னைக் கேட்டார்.

"கையெழுத்து போடும்போது இந்த ஷெட் உங்க மனசுல இருந்துச்சாம்மா?"

"எனக்கு இருந்துச்சும்மா."

"அவங்களுக்கு?"

"அக்காவுக்கு இல்லம்மா. அவங்களுக்கு தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். ஆபீஸ்லேர்ந்து எனக்கு ஒரு லெட்டரு வந்துச்சு. நான் சொல்லல."

பார்த்திபன் தலையில் கை வைத்துக்கொண்டார். உங்கள் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நடந்தது இதுதான் அக்கா. சமரசத்துக்கு மூன்று வாரம் முன்னால் தொழிற்பேட்டை ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் மனு காத்திருப்போர் வரிசையில் ஏழாவதாக இருக்கிறது என்று. மனுவில் தொடர்பு விலாசம் என்னுடையது, ஒதுக்கீட்டு உத்தரவைத்தான் இரண்டு பேருக்கும் அனுப்புவார்களாம், இந்தத் தகவல் கடிதம் எனக்கு மட்டும்தான் வந்தது. உங்கள் மேல் அவ்வளவு கோபம். மெஷின்களையெல்லாம் அவர்களே எடுத்துக்கொள்கிறார்களே, இது ஒன்றாவது எனக்கு இருக்கட்டும் என்று பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆறாம் பிரிவில் "தெரியாத" என்ற சொல்லை வக்கீல் படித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். உங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மத்தியானம் கோர்ட்டுக்கு எதிரே மெஸ்ஸில் இடம் இல்லாமல் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். உங்கள் இலையில் வைத்த வஞ்சிரத் துண்டில் பாதியைப் பிய்த்து என் இலையில் போட்டீர்கள். பழக்கத்தில்தான் போட்டிருப்பீர்கள், போட்ட பிறகு உங்கள் முகமே மாறிவிட்டது. நான் அதைச் சாப்பிட்டுவிட்டு மேலே வந்து கையெழுத்துப் போட்டேன். அப்போதும் சொல்லவில்லை. என்னைப் பற்றி எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

நீங்கள் மட்டும் தோலைத் திருப்பியதை எழுதியிருக்காவிட்டால் நேற்று நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இத்தனை நாளாக நீங்கள் எனக்கு அநியாயம் செய்ததாக நினைத்து நினைத்துத்தான் என்னால் அந்தக் கடிதத்தை மறைக்க முடிந்தது. நீங்கள் போய் மன்னிப்பு கேட்டுவிட்டீர்கள். அதற்கப்புறம் அந்த பீரோவைத் திறக்கவே பிடிக்கவில்லை.

என்ன உத்தரவு வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஷெட்டை முழுசாக நீங்களே எடுத்துக்கொண்டாலும் நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

உங்கள்,
அருணா


கும்மிடிப்பூண்டி
10-01-2025

அருணா,

எட்டாம் தேதி உத்தரவு வந்துவிட்டது. பார்த்திபன் சொல்லியிருப்பார். இருந்தாலும் என் வாயால் சொன்னால்தான் எனக்குத் திருப்தி.

ஆறாம் பிரிவுக்குள் ஷெட் வராது. பொதுவாக எழுதிய சொற்களை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று ஜட்ஜ் அம்மா எழுதியிருக்கிறார். தெரியாததையும் விட்டுக்கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு, இரண்டு பேருக்கும் தெரியாமல் பின்னால் ஏதாவது கிளம்பியிருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருக்கக் கூடுமாம். பார்த்திபன் சொன்னதில் பாதி சரிதான். ஆனால் ஒருவர் தெரிந்துகொண்டே மறைத்ததை அந்தச் சொல்லுக்குள் தள்ளிவிட முடியாதாம். ஆகவே ஷெட் நம் இரண்டு பேருக்கும். "இரண்டாம் தரப்பினர் தமக்கு எதிராகவே உண்மையைச் சொன்னதை இந்த நீதிமன்றம் பதிவு செய்கிறது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன்.

அன்றைக்கு நான் ஏன் போய்விட்டேன் தெரியுமா? அங்கேயே நின்றிருந்தால் உன் முடியைப் பிடித்திருப்பேன். என் வஞ்சிரத்தைத் தின்றுவிட்டா அப்படிச் செய்தாய்? பாதித் துண்டு, அருணா! வெள்ளியூர் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் வாய் ஓயாமல் உன்னைத் திட்டிக்கொண்டே போனேன். டிரைவர் பயந்து மெதுவாக ஓட்டினார். அப்புறம் என்னவோ ஆகிவிட்டது. நீ அங்கே கூண்டில் நின்றுகொண்டு, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, "அக்காவுக்கு தெரியாது" என்று சொன்ன குரல்தான் காதிலேயே நின்றது. ஜெயிக்கப் போகிற கேஸை எவளாவது இப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பாளா? பைத்தியக்காரி.

ஷைனிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. நேற்று வந்து, "ஆன்ட்டி, மறைச்சுட்டாங்கன்னு அவங்களே ஒத்துக்கினாங்க. இத வெச்சி மொத்த ஒப்பந்தத்தையும் ஒடைக்க மனு போட்லாம். பேரு, ஆர்டரு எல்லாத்தையும் திரும்ப கேக்கலாம்" என்றாள். பெண்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்கள். எனக்கும் ஒரு நிமிஷம் நாக்கு ஊறியது, பொய் சொல்ல மாட்டேன். பழைய பெயரை மறுபடி என் மூட்டைகளில் அச்சடிக்கலாம். உன் கொட்டகையைக் காலி செய்யலாம். அப்புறம் ஷெட்டில் உன் பாதி காலியாகவே கிடக்கும், நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப அத எழுத்துல குட்துடுங்க, நாளைக்கு நீங்களே மனசு மாறுவீங்க" என்றாள் ஷைனி. நல்ல யோசனைதான், எனக்கு என்னைத் தெரியும். எப்படி எழுத வேண்டும் என்றும் அவளே சொன்னாள். அனைத்தும் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் சண்டை வரும், எதை விட்டுக்கொடுக்கிறோமோ அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டுமாம். மெஷின் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். கீழே இருக்கிறது. சாட்சி கெங்கம்மாள்.

*விடுதலைப் பத்திரம்*

*கும்மிடிப்பூண்டியில் இருக்கும் ஹெலன் ஆகிய நான், பெரியபாளையத்தில் இருக்கும் அருணாவுக்கு முழு மனதோடு எழுதிக்கொடுப்பது. தொழிற்பேட்டைக் கடிதத்தை அருணா எனக்குத் தெரியாமல் பீரோவில் வைத்திருந்ததற்காகவும், 14-03-2023 அன்று அதைச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டதற்காகவும், அவள் மேல் எனக்கு உள்ள கோபத்தையும் வழக்குப் போடும் உரிமையையும் இன்றோடு விட்டுவிடுகிறேன். இனி எந்தக் காலத்திலும், எவ்வளவு பெரிய சண்டை வந்தாலும், இதை எடுத்துப் பேச மாட்டேன்.*

*நான் விட்டுக்கொடுப்பது இது ஒன்றை மட்டுமே. இதில் பெயர் சொல்லி எழுதாத எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அருணா என் தங்கச்சி என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. 20ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வந்து என் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும் என்று கேட்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கவில்லை.*

*இந்தப் பத்திரம் இன்று வரை நடந்ததற்கு மட்டுமே செல்லும். நாளையிலிருந்து அருணா செய்யப்போகும் தப்புகளுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு அவளை அவ்வப்போது, நேரிலேயே, வாய் வலிக்கும் வரைக்கும் திட்டுவேன்.*

*ஹெலன்*
*சாட்சி: கெங்கம்மாள்*